சாயக் கறை படிந்த கைகள்

1880-களின் பிற்பகுதி. பெர்லின் நகரத்து வைத்தியர் ஒருவர் சில நாட்களாக இருமிக்கொண்டிருந்தார். தம் சளியைத் தாமே கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். மெல்லிய சிறு கோல்கள் தெரிந்தன. சந்தேகமே இல்லை, க்ஷயரோகக் கிருமிகள்!

அந்தக் கிருமிகளைக் கண்ணுக்குப் புலப்படச் செய்யும் சாய முறையைச் செம்மைப்படுத்தியவரே அவர்தாம். ஊராருக்காகக் கண்ட வழி இன்று அவருக்கே எதிராகச் சாட்சி சொல்லிற்று. அவர் பெயர் பால் எர்லிக்.

வர்ணப் பித்து

1854-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, ஜெர்மனியின் சைலீஷியாவில் ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில், யூதக் குடும்பம் ஒன்றில் எர்லிக் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் இருக்கிறது. வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தவருக்குப் பாடங்களைவிடச் சாயங்களின் மீதே மோகம். துணி ஆலைகளுக்கென்று அப்போது புதிது புதிதாக வந்துகொண்டிருந்த சாயங்களை வாங்கி, உடலின் மெல்லிய துண்டுகளில் தோய்த்துப் பார்ப்பார். விரல்களில் எந்நேரமும் பல வர்ணக் கறைகள்!

ஒரு சாயம் எல்லா அணுக்களையும் பற்றுவதில்லை. ஒன்றைப் பற்றுகிறது, பக்கத்திலிருப்பதை விட்டுவிடுகிறது. ஏன்? அந்தக் கேள்வி அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை.

1882 மார்ச் 24-ல் ராபர்ட் காக், க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்ததைப் பெர்லினில் அறிவித்தார். சபையில் எர்லிக்கும் இருந்தார். உடனே ஆராய்ச்சியில் இறங்கி, காக்கின் சாய முறையைவிடத் தெளிவான முறை ஒன்றைக் கண்டார்.

பாலைவனத்திலிருந்து பரிசோதனைக்கூடம்

நோய் கண்ட எர்லிக், 1888-ல் மனைவி ஹெட்விக்குடன் எகிப்தின் உலர்ந்த காற்றை நாடிச் சென்றார். 1889-ல் குணமடைந்து திரும்பினார். கையில் உத்தியோகம் இல்லை. வாடகை வீட்டில் சிறிய பரிசோதனைக்கூடம் வைத்துக்கொண்டார். பின்னர் காக் அவரைத் தம் நிலையத்தில் சேர்த்துக்கொண்டார்.

குழந்தைகளின் குரல்வளையை நெரித்த டிப்தீரியாவுக்கு எமில் பேரிங் குதிரைச் சீரம் தயாரித்த காலம் அது. ஒரு குப்பியில் வீரியம் மிகுந்திருக்கும், மற்றொன்றில் இராது. அதை அளக்கும் முறையை வகுத்து, மருந்தை நம்பத்தக்கதாக்கியவர் எர்லிக். பிற்பாடு இருவருக்குமிடையே மனக்கசப்பு வளர்ந்தது.

இந்த வேலையிலிருந்தே 1897-ல் அவருடைய பெரிய கருத்து பிறந்தது. அணுவின் மேல் பலவிதப் பக்கக் கிளைகள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல், நஞ்சு தனக்கேற்ற கிளையை மட்டும் பற்றும். அணுவோ அதே கிளைகளை மிகுதியாக வளர்த்து இரத்தத்தில் உதிர்க்கும். அவைதாம் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்கள். போர்டே, அர்ரேனியஸ் போன்ற பேரறிஞர்கள் மறுத்தும் எர்லிக் அசையவில்லை.

1908-ல் மெட்ச்னிக்காஃப் என்ற ருஷ்ய விஞ்ஞானியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1909-ல், ஜப்பானியரான ஹாட்டாவின் துணையோடு, மேகநோயைத் தாக்கும் 606 என்ற மருந்தைக் கண்டார். 1915 ஆகஸ்டு 20-ல் காலமானார்.

யூதர் என்ற காரணத்தால், நாஜிகள் பிராங்க்பர்ட் தெரு ஒன்றிலிருந்து அவர் பெயரை அகற்றினர். முதிய ஹெட்விக் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது.

அழியாத சாயம்

எர்லிக்கின் கருத்தில் சில விவரங்கள் திருத்தப்பட்டன. அதன் உயிர்நிலை நின்றது. இன்றைய ஆராய்ச்சிக்கூடத்தில் பி38 என்ற புரோட்டீனைத் தேடுகிறார்கள். கடும் உப்பு, புற ஊதாக் கதிர் போன்ற துன்பம் நேரும்போது அணுவுக்குள் விழித்தெழும் புரோட்டீன் அது. விழிக்கும்போது அதன் மேல் இரண்டு இடங்களில் பாஸ்பேட் ஏறுகிறது. முயல் போன்ற பிராணியின் உதவியால் தயாரித்த எதிர்ப்பொருள் ஒன்று, பாஸ்பேட் ஏறிய பி38-ஐ மட்டும் பற்றும், உறங்குவதை விட்டுவிடும். அது பற்றிய இடம் நிறமாகவோ ஒளியாகவோ தெரியும். ஆயிரமாயிரம் புரோட்டீன்களுக்கு நடுவே அணுவின் துன்பம் அம்பலமாகிவிடும்.

ஒன்றைப் பற்றி மற்றொன்றை விட்டுவிடும் அதே விந்தைதான்! அன்று தம் நோயைத் தம் சாயத்தாலேயே கண்ட அந்த மனிதரின் கைக்கறை, இன்றும் ஆராய்ச்சிக்கூடங்களில் அழியாதிருக்கிறது.