வெறுங்காலில் ஒரு பெருஞ்சுவர்

கோவைக்குக் கிழக்கே சோமனூர் வட்டாரத்தில் தறியோசை கேளாத தெரு அரிது. தறிக்கூடத்தினுள் நுழைபவரின் கண், இங்கும் அங்குமாக விரைந்தோடும் நாடாவின்மேலேயே செல்லும். அந்நாடா ஓடுவதற்கு இடங்கொடுத்து, இழுத்துக் கட்டிய நிலையில் நிற்கும் பாவு நூல்களை எவரும் உற்று நோக்குவதில்லை. அவற்றுள் ஓர் இழை அறுந்துவிட்டால் மட்டும் தறியை நிறுத்திப் பிழை எங்கே என்று தேடுவர். கால்பந்தாட்டத்திலும் இத்தகைய நிலையில் நிற்பவர் உளர். எதிரியின் கோலுக்குள் பந்தைச் செலுத்தும் முன்னணி ஆட்டக்காரரை ஊரார் தோளில் தூக்கி ஆடுவர். தம் கோலுக்கு முன்னே நின்று, வரும் பந்துகளையெல்லாம் தடுத்துத் திருப்பியனுப்பும் பின்காவலரோ, தவறு செய்யும்போதுதான் பேசப்படுவார். அடித்த கோல்களைக் கணக்கேட்டில் எழுதி வைப்பார்கள். தடுத்த கோல்களை எழுதி வைக்க ஏடு இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நின்றே நாடறிந்த பெயர் பெற்றவர், வங்காளத்துக் கோஷ்ட பால்.

அவர் 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள், கிழக்கு வங்காளத்தில் ஃபரித்பூர் மாவட்டத்தைச் சார்ந்த போஜேஷ்வர் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. இளமையிலேயே கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த கோஷ்ட பால், நகரின் வடபகுதியிலுள்ள குமார்துளியில் வளர்ந்தார். களிமண்ணைக் குழைத்துத் துர்க்கையின் திருவுருவங்களை வனையும் கைவினைஞர்கள் வாழும் பகுதி அது. அங்கிருந்த குழுவில்தான் அவர் முதன்முதலில் பந்தாடிப் பழகினார்.

அக்காலத்துக் கல்கத்தாவில் கால்பந்து வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. நகரின் நடுவே பரந்து கிடக்கும் மைதானத்தில், ஆங்கிலேய வணிகரும் அலுவலரும் நடத்திய கழகங்களும், பட்டாளங்களின் குழுக்களும் கொடிகட்டிப் பறந்தன. 1893-இல் தொடங்கிய ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக எந்த இந்தியக் குழுவும் கைப்பற்றியதில்லை. 1911-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள், மோகன் பகான் கழகம் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை இரண்டிற்கு ஒன்று என்னும் கோல் கணக்கில் வென்று அக்கேடயத்தைப் பெற்றது. பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். இடப்புறப் பின்காவலராக நின்ற சுதிர் சட்டர்ஜி ஒருவரே பூட்ஸ் அணிந்திருந்தார். நாட்டை ஆள்வோரை ஆடுகளத்திலேனும் வீழ்த்திவிட்டோம் என்று வங்காளம் பொங்கி மகிழ்ந்த நாள் அது. கோஷ்ட பாலுக்கு அப்போது பதினைந்து வயது நிரம்பவில்லை.

ஈராண்டு கழிவதற்குள் அவரும் அதே கழகத்தில் இடம் பெற்றார். புகழின் உச்சியில் நின்ற குழுவில் சேர்வது பேறுதான். ஆயினும் அதில் ஒரு துன்பமும் மறைந்திருந்தது. மோகன் பகான் களத்தில் இறங்கும் ஒவ்வொரு நாளும், 1911-ஐ மீண்டும் காண வேண்டுமென்று மக்கள் திரள் காத்திருந்தது. 1913-இல் டல்ஹௌசிக் குழுவை எதிர்த்து ஆடியதே அவருடைய முதல் ஆட்டம். மழை நனைத்த களத்தில் கால் ஊன்ற இயலாமல், அன்று அவருடைய ஆட்டம் சிறக்கவில்லை என்பர். கழகத்தார் அதனால் மனம் மாறவில்லை. இடைக்காவலராக இருந்தவரைப் பின்னுக்குக் கொண்டுவந்து, வலப்புறப் பின்காவலராக நிறுத்தினர். அவ்விடத்தை அவர் இருபதாண்டுகளுக்கு மேலாக விட்டு நகரவில்லை.

அந்நாளைய ஆட்டமுறையை அறிந்தால்தான் அவர் பணியின் அருமை விளங்கும். கோல் காப்பாளருக்கு முன்னே பின்காவலர் இருவர். அவர்களுக்கு முன்னே இடைக்காவலர் மூவர். முன்னணியில் ஐவர் என்பது பொதுவான வகுப்பு. எதிரணியின் ஐவர் வரிசையாகப் பாய்ந்து வருகையில், இடைக்காவலரைக் கடந்துவிட்டால் எஞ்சி நிற்போர் இருவரே. இக்காலத்தில் நால்வர் பகிர்ந்துகொள்ளும் சுமையை அன்று அவ்விருவரும் தாங்கினர்.

அவர்களுக்குத் துணையாக இருந்தது ஆப்சைடு விதி. பந்து முன்னோக்கி உதைக்கப்படும் நேரத்தில், அதைப் பெற நிற்பவனுக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருத்தல் வேண்டும் என்பது 1925 வரை இருந்த சட்டம். ஆகவே, பின்காவலர் ஒருவர் தக்க கணத்தில் சில அடி முன்னேறிவிட்டால், மற்றப் பின்காவலரும் கோல் காப்பாளரும் ஆகிய இருவரே பின்னே இருப்பர். பந்துக்குக் காத்து நின்றவன் விதியை மீறியவனாகிவிடுவான். இதற்குக் காலின் விரைவைக் காட்டிலும் கருத்தின் கூர்மை மிகுதியாக வேண்டும். ஒரு கணம் பிந்தினால் கோலுக்குச் செல்லும் வழி திறந்து கிடக்கும். 1925-இல் மூவர் என்பது இருவர் என்று மாற்றப்பட்டது. முன்னணி வீரர்களுக்குக் கட்டவிழ்த்து விட்டாற்போலாயிற்று. இங்கிலாந்தில் கோல்கள் பெருகின. அதைத் தாங்க இயலாமல், நடு இடைக்காவலரைப் பின்னே இழுத்து மூன்றாம் பின்காவலராக நிறுத்தும் வழக்கம் தோன்றிற்று. கோஷ்ட பாலுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய கலையின் அடிப்படையே மாறிய பின்னும், அவர் மேலும் பத்தாண்டுகள் அதே இடத்தில் ஆடினார் என்பது எளிய செயலன்று.

எதிரிகள் கனத்த தோல் பூட்ஸ் அணிந்தவர்கள். அவற்றின் அடிப்புறத்தில் குமிழ்கள் பதித்திருக்கும். பட்டாள வீரர்கள் நாள்தோறும் உடற்பயிற்சி செய்து உரமேறிய உடலினர். தோளால் மோதித் தள்ளுவதை அக்கால விதிகளும் தாராளமாக ஒப்பின. அத்தகையோர் இருவர் மூவர் சேர்ந்து வரும்போது, வெறுங்காலை நீட்டிப் பந்தைப் பறிப்பதென்றால் எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! பந்தும் இன்றைய பந்து போன்றதன்று. இரப்பர்ப் பையைச் சூழ்ந்த தோலுறை, அதன் வாயை இறுக்கிய தோல்வார் ஆகியவற்றோடு கூடியது. நீரில் ஊறினால் கல்லைப்போல் கனக்கும். அதை வெறுங்காலால் ஓங்கி உதைத்து, களத்தின் பாதியைக் கடக்கச் செய்வதில் கோஷ்ட பால் பெயர் பெற்றிருந்தார். இத்தனைக்கும் அந்நாளில் ஆட்டத்தினால் அவருக்கு ஊதியம் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் பந்தாடியே வாழ்க்கை நடத்திய தொழில்முறை ஆட்டக்காரர் பலர் இருந்த காலம் அது.

பூட்ஸையும் பட்டாளத்தாரின் வலிமையையும்விடக் கொடிய எதிரி ஒன்று உண்டு. அது மழை. கல்கத்தாவில் பந்தாட்டப் பருவம் மே மாதத்தில் தொடங்கும். அப்போது நிலம் காய்ந்து இறுகியிருக்கும். வெறுங்கால் வீரர்கள் மான்போல் திரும்பி வளைந்து ஓடுவர். ஜூன் நடுவில் மழை இறங்கியதும் மைதானம் சேறாகும். குமிழ் பதித்த பூட்ஸ் சேற்றைப் பற்றிக்கொள்ளும், வெறுங்கால் வழுக்கும். திரும்பும்போது வழுக்கிய முன்னணி வீரர் ஒரு வாய்ப்பை இழப்பார். பின்காவலர் வழுக்கினால் கோலே பறிபோகும். பருவத்தின் முற்பகுதியில் வென்று குவித்த புள்ளிகளைப் பிற்பகுதியில் இழப்பது அக்காலத்து மோகன் பகானுக்கு வழக்கமாகிவிட்டது. லீக் போட்டியின் முதற்பிரிவில் அக்கழகம் 1915-இல் இடம் பெற்றது. அதன்பின் இரண்டாமிடத்தை ஒருமுறைக்கு மேலும் எட்டியது. முதலிடம் மட்டும் எட்டாக் கனியாகவே நின்றது.

1921 முதல் 1926 வரை கோஷ்ட பால் கழகத்தின் தலைவராக விளங்கினார். இவ்வாண்டுகளில்தான் வெற்றி கைக்கு மிக அருகே வந்து நழுவிப் போயிற்று. 1923-இல் மோகன் பகான் மீண்டும் கேடயத்தின் இறுதி ஆட்டத்தை அடைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த வாய்ப்பு. எதிரே நின்றது ஆங்கிலேயரின் கல்கத்தாக் கழகம். மழையால் களம் ஊறிக் கிடந்தது. மோகன் பகான் மூன்று கோல்களில் தோற்றது. ஒன்றைக்கூடத் திருப்பிப் போட இயலவில்லை. அதே ஆண்டில் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பைப் போட்டிக்கும் அக்கழகம் சென்றது. அங்கும் இறுதி ஆட்டம் வரை முன்னேறி, டர்ஹாம் பட்டாளத்திடம் ஒன்றிற்கு நான்கு என்ற கணக்கில் வீழ்ந்தது. 1925-இல் சிம்லாவில் நடந்த டியூரண்ட் கோப்பையில் ஆட அழைப்பு வந்தது. பட்டாளங்களுக்கென்றே தோன்றிய அப்போட்டியில், பட்டாளத்தைச் சாராத இந்தியக் குழுவொன்று அழைக்கப்பட்டது அதுவே முதன்முறை. மோகன் பகான் அரையிறுதி வரை சென்று திரும்பியது.

லீக்கின் முதற்பிரிவில் இரண்டு இந்தியக் குழுக்களுக்கு மேல் இருத்தலாகாது என்றொரு விதியும் அந்நாளில் இருந்தது. தகுதி பெற்ற மூன்றாவது குழு எவ்வளவு நன்றாக ஆடினாலும் வாயிலிலேயே நிற்க வேண்டியதுதான். 1925-இல் அவ்விதி தளர்த்தப்பட்டபோது உள்ளே வந்தது, கிழக்கு வங்காளத்தவர் 1920-இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கழகம். இன்று நாடெங்கும் பேசப்படும் அவ்விரு கழகங்களின் போட்டி, லீக்கில் முதன்முதலில் அவ்வாண்டு மே 28-ஆம் நாள் நிகழ்ந்தது. மோகன் பகானுக்குத் தலைமை தாங்கி நின்றவரோ கிழக்கு வங்காளத்தில் பிறந்த கோஷ்ட பால்! அன்று ஈஸ்ட் பெங்கால் ஒரு கோலில் வென்றது.

இவ்வாறு தோல்விகளை மட்டும் அடுக்கிப் பார்த்தால், அவர் எப்படிப் புகழ்பெற்றார் என்னும் ஐயம் எழக்கூடும். கூச் பிகார் கோப்பை போன்ற வெற்றிகள் சில இருந்தன. ஆயினும் அவருடைய புகழ் அவற்றால் வந்ததன்று. சனிக்கிழமை மாலைகளில் மைதானத்தைச் சூழ்ந்து நின்ற பல்லாயிரவர், வெள்ளையர் குழுவின் ஐவர் அணி ஒரு மனிதரைக் கடக்க மாட்டாமல் மீண்டும் மீண்டும் திரும்பியதைத் தம் கண்ணால் கண்டனர். அக்காட்சிக்குக் கோப்பை தேவைப்படவில்லை. அவரைச் சீனப் பெருஞ்சுவர் என்று அழைக்கலாயினர். ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாளே அப்பெயரைச் சூட்டியது என்பது குறிப்பிடத்தக்கது. எதிரியே வாய்விட்டுப் புகழ்வதைப் போன்ற சான்று வேறு ஏது? ஆனால் அப்பெயர் முழுதும் பொருந்துவதாகச் சொல்ல இயலாது. சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும். வருபவன் சுற்றிக்கொண்டு போய்விடலாம். கோஷ்ட பாலோ வருபவனின் எண்ணத்தை முன்னரே உணர்ந்து, அவன் செல்லக் கருதிய இடத்தில் அவனுக்கு முன்பே நின்றார்.

கால்பந்தோடு அவர் ஹாக்கியும் கிரிக்கெட்டும் ஆடினார். கழகத்தை விட்டு வேறிடம் செல்ல நினைத்ததில்லை. 1933-இல் இந்தியக் குழுவுக்குத் தலைமை ஏற்று இலங்கைக்குக் கடல் கடந்து சென்றபோது, அவருக்கு வயது முப்பத்தேழை நெருங்கியிருந்தது. அவ்வயதில் பெரும்பாலோர் களத்தின் ஓரத்தில் அமர்ந்துவிடுவர்.

1934-இல், கல்கத்தா லீக்கை முதன்முதலாக ஓர் இந்தியக் குழு வென்றது. அது மோகன் பகான் அன்று. முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம். தொடர்ந்து ஐந்தாண்டுகள் அப்பட்டத்தை அக்கழகமே பெற்றது. அதன் வெற்றிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஈரக் களத்தில் ஆடும்போது அவ்வீரர்கள் பூட்ஸ் அணிந்துகொண்டது. இருபதாண்டுகளாகக் கோஷ்ட பாலும் அவர் தோழரும் சேற்றில் வழுக்கி இழந்த பரிசு, ஒரு சோடித் தோல் செருப்பால் கிட்டியது! அதைத் தம் கண்ணெதிரே கண்ட மறு ஆண்டு, 1935-இல், அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவர் ஆடிய காலம் முழுவதிலும் மோகன் பகான் கேடயத்தையும் வெல்லவில்லை, லீக்கையும் வெல்லவில்லை. லீக் 1939-இல் வந்தது. கேடயம் 1947-இல்தான் திரும்பியது.

ஆயினும் அவர் நின்ற இடம் வெறுமையாகிவிடவில்லை. 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய நாகர் இனத்து மருத்துவர் தாலிமெரென் ஆவ், மோகன் பகானின் காப்பு வரிசையில் நின்றவர். 1951-இல் புது தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த குழுவின் தலைவர் சைலேன் மன்னாவும் அக்கழகத்துப் பின்காவலரே. வெறுங்கால் ஆட்டம் அவர்கள் காலத்தில்தான் முடிவுக்கு வந்தது. 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் ஒன்றிற்குப் பத்து என்று தோற்ற பிறகு, பூட்ஸ் அணிதல் கட்டாயமாக்கப்பட்டது.

1962-ஆம் ஆண்டு இந்திய அரசு கோஷ்ட பாலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கால்பந்தாட்டக்காரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. கோல் அடிப்பதைத் தொழிலாகக் கொண்ட புகழ்பெற்ற முன்னணி வீரர் பலர் அப்போது நாட்டில் இருந்தனர். 1976-ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் எண்பதாம் வயதை எட்டுமுன், அவர் கல்கத்தாவில் காலமானார். எட்டாண்டுகள் கழித்து, ஈடன் தோட்டத்துக்கு எதிரே அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. 1998-இல் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளிவந்தது. மைதானத்தை ஒட்டிச் செல்லும் சாலையொன்று இன்று கோஷ்ட பால் சரணி என்று வழங்குகிறது. பந்தாட்டம் காணச் செல்லும் கூட்டம் அச்சாலையின் வழியே நடக்கிறது.