தோற்பந்தும் துடுப்பும்

ஸ்ரீநகரிலிருந்து வந்து நம்மோடு விடுதியில் தங்கிப் பயிலும் மாணவரை, எந்தப் பள்ளியில் படித்தீர் என்று கேட்டுப் பாருங்கள். பிஸ்கோ பள்ளி என்று விடை சொல்வோர் உண்டு. பிஸ்கோ என்பது ஊரின் பெயரன்று. ஓர் ஆங்கிலேயரின் பெயர். காஷ்மீரத்துப் பிள்ளைகளை ஆடவும் நீந்தவும் படகு வலிக்கவும் வைத்த பாதிரியார் அவர்.

செசில் டின்டேல் பிஸ்கோ 1863-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றார். ஆள் குள்ளம், உடல் மெலிவு. அதுவே அவருக்கு நன்மையாயிற்று. எட்டுப்பேர் துடுப்பு வலிக்கும் பந்தயப் படகில் சுக்கான் பிடிப்பவர் வலிப்பதில்லை. அவர் எடை முழுவதும் மற்றவர்களுக்குச் சுமையே. ஆகவே எடை குறைந்தவரைத் தேடிப் பிடிப்பார்கள். (இயற்பியல் நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை!) 1884-இல் ஆக்ஸ்போர்டை வென்ற கேம்பிரிட்ஜ் படகில் சுக்கான் பிடித்தவர் இவரே. பின்னர்ப் பாதிரியாராகி, 1890-இல் ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் கண்ட மாணாக்கரில் பெரும்பாலோர் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் பெரன் அங்கி. அதற்குள்ளே நெருப்பிட்ட மண்சட்டி. காலில் மரக்கட்டைச் செருப்பு. இந்தக் கோலத்தில் ஓடுவது எப்படி? ஆங்கிலம் கற்றுச் சர்க்கார் உத்தியோகம் பெறவே அவர்கள் வந்தனர். கைகால் உழைப்புக் கூலிக்காரனுக்கு, துடுப்பு ஹாஞ்சி என்னும் படகோட்டிக்கு, கனவானுக்குப் புத்தகம் என்பது அவர்கள் கொண்டிருந்த கணக்கு. நம் ஊர்களில் மட்டும் இக்கணக்கு இல்லாமலா இருந்தது?

1891-இல் பிஸ்கோ ஒரு கால்பந்தைக் கொண்டுவந்து வகுப்பில் காட்டினார். எதனால் செய்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். தோல் என்றார். அவ்வளவுதான்; தீட்டுப் பொருள், தொடமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அன்று மாலையே அவர்களை மைதானத்துக்கு நடத்திச் சென்றார். ஆசிரியர்கள் கையில் தடி, தப்பியோட வழியில்லை. வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டது. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் பந்து ஒருவன் முகத்தில் பட்டது. தோல் வாயில் பட்டுவிட்டதே என்று அவன் அழுதான். மற்றவர்கள் திகைத்து நின்றனர். வாய்க்காலில் முகம் கழுவி வரச்சொன்னார் பிஸ்கோ. கழுவி வந்ததும் ஆட்டம் தொடர்ந்தது.

இந்தக் கதையை முதலிற் கேட்டபோது நானும் சிரித்தேன். பிறகு அந்தத் தடிகள் நினைவுக்கு வந்தன. பந்தை உதைக்கத் தடி வேண்டுமா? ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் என்ற துணிவில்லாதிருந்தால் அவர் இப்படிச் செய்திருப்பாரா? காஷ்மீர மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் ஏளனமும் குறைவில்லை. படிக்கும்போது நமக்குச் சினம் வருகிறது. ஆனால் தடியும் ஏளனமும் மட்டுமே மூலதனமாயிருந்தால், அந்தப் பள்ளி 57 ஆண்டுகள் அவர் கையில் தழைத்திராது.

ஜீலம் ஆறு ஸ்ரீநகரின் நடுவே ஓடுகிறது. ஊரைச் சுற்றிலும் ஏரிகள். அப்படிப்பட்ட ஊரில் பள்ளிப்பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியவில்லை! நீச்சலைக் கட்டாயமாக்கினார் பிஸ்கோ. குறிப்பிட்ட வயதுக்குள் கல்லாதவனுக்குப் பள்ளிக் கட்டணம் உயரும் என்று விதித்தார். பெற்றோருக்கு இது நன்றாகப் புரிந்தது. படகு வலிக்க முதலில் துணிந்த ஆசிரியர்களோ, ஊரார் அடையாளம் கண்டு நகைப்பார்களே என்று முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்களாம். காலப்போக்கில் தால் ஏரியை மாணவர்கள் நீந்திக் கடந்தனர்; நீரில் தவறி விழுந்தோர் பலரைக் கரையேற்றினர்.

அவருடைய திட்டத்தில் என்னைக் கவர்ந்தது மதிப்பெண் முறை. படிப்புக்கு மட்டுமன்றி உடற்பயிற்சிக்கும் நடத்தைக்கும் மதிப்பெண் உண்டு. கோப்பை வெல்வது நோக்கமன்று. வலுத்த கை பிறருக்கு உதவ வேண்டும். ஊரில் தீப்பிடித்தால் மாணவர் தண்ணீர்ப் பம்புடன் ஓடினர். மிஷன் மருத்துவமனையில் நோய் தேறி வருவோரைப் படகில் ஏற்றி ஏரிக்காற்று வாங்க அழைத்துச் சென்றனர். படகோட்டியின் வேலை இழிவென்ற பண்டிதர் பிள்ளை, முன்பின் அறியாத ஏழை நோயாளிக்காகத் துடுப்பு வலித்தான்! மதமாற்றமோ மிகச் சிலரோடு நின்றது.

நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் வாரம் இரண்டு விளையாட்டு வகுப்புகள் அட்டவணையில் இருந்தன. இரண்டையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். கணக்கு வந்தது, நீச்சல் இன்றுவரை வரவில்லை. சென்ற கோடையில் நண்பர்கள் ஆற்றில் இறங்கியபோது, கரையில் உட்கார்ந்து அவர்கள் சட்டைகளுக்குக் காவல் இருந்தேன். எனக்கும் ஒருவர் கட்டணத்தை உயர்த்தியிருக்கலாம்.

1947-இல் பிஸ்கோ காஷ்மீரத்தை விட்டுப் புறப்பட்டார். ரொடீஷியாவில் 1949-இல் காலமானார். பள்ளி இன்றும் நடக்கிறது. அதன் சின்னத்தில் குறுக்காகப் பொருந்திய இரு துடுப்புகள் உள்ளன. அவை கேம்பிரிட்ஜ் துடுப்புகளல்ல; இதய வடிவ அலகு கொண்ட காஷ்மீரத் துடுப்புகள், ஹாஞ்சிகளின் துடுப்புகள்.