ஆகா ஹஷர் காஷ்மீரி: செவிக்கு எழுதிய கவிஞர்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை முப்பாலாக வகுத்துப் போற்றும் நாம், நாடகம் எழுதியோரைப் புலவர் வரிசையில் அமர்த்தத் தயங்கியே வந்துள்ளோம். இத்தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. உருது இலக்கிய உலகமும், கம்பெனி நாடகம் எழுதியவர் என்பதனாலேயே, தன் பெருங்கலைஞர் ஒருவரை ஐயத்தோடு நோக்கியது. அவரே ஆகா ஹஷர் காஷ்மீரி.

ஆகா முகம்மது ஷா என்பது இவரது இயற்பெயர். காஷ்மீரத்திலிருந்து சால்வை வணிகத்தின் பொருட்டுக் காசியில் குடியேறிய குடும்பத்தில் 1879இல் பிறந்தார். 'ஹஷர்' என்பது கவிதைக்காகச் சூடிய புனைபெயர். இறந்தோர் எழுந்து நிற்கும் இறுதித் தீர்ப்பு நாளைக் குறிப்பது. 1897இல் 'ஆஃப்தாபே முஹப்பத்' என்னும் முதல் நாடகத்தைப் படைத்தார். பின்னர்ப் பம்பாய் சென்று, பார்சிக் கம்பெனிகளில் மாதச் சம்பளத்துக்கு நாடகம் எழுதும் பணியை மேற்கொண்டார்.

வண்ணத்திரைகளும் தந்திரக் காட்சிகளும் பாடல்களும் நிறைந்தது அந்த மேடை. முதலாளியின் கணக்கு, நடிகரின் குரல், மக்களின் கைதட்டல் ஆகிய மூன்றுக்கும் ஆசிரியர் கட்டுப்பட்டவர். எழுதிய பிரதியோ கம்பெனியின் சொத்து. இக்கட்டுகளுக்குள் நின்றே ஹஷர் தம் மொழியை வளர்த்தார்.

சேக்சுபியரின் லியர் மன்னன் கதையைத் தழுவியபோது, அதற்கு அவர் இட்ட பெயர் 'சஃபேத் கூன்'. வெள்ளை இரத்தம் என்பது பொருள். உறவில் பாசம் வற்றிப்போவதை இரத்தம் வெளுத்துவிட்டதாகச் சொல்வது உருது வழக்கு. அயல்நாட்டு மன்னனின் துயரம் அந்த ஒரு பெயரிலேயே தம் மக்களின் வீட்டுத் துயரமாகிவிட்டது. 'உருதுவின் சேக்சுபியர்' என்னும் பட்டம் இவ்வாக்கத்திறனை மறைத்துவிடுகிறது என்பதே என் கருத்து.

'யஹூதி கி லட்கி' நாடகத்தில், யூதர் ஒருவரின் வளர்ப்பு மகள், அவ்வினத்தை ஒடுக்கிய உரோமானியக் குருவின் மகளே என்பது வெளிப்படுகிறது. பகைமைக்குப் பிறப்பைக் காரணம் காட்டுவோரை நிலைகுலையச் செய்யும் முடிச்சு இது. 1958இல் பிமல் ராய் இதனைத் திரைப்படமாக்கினார். இசுலாமியரான ஹஷர் 'பில்வமங்கள்', 'சீதா வனவாஸ்' ஆகியவற்றை இந்தி வழக்கில் எழுதினார். எதுகை நிறைந்த உரைநடையில் தொடங்கியவர், காலப்போக்கில் எளிமையை நாடினார். தந்தை அறியாமல் மகனைக் கொல்லும் பாரசீகக் காப்பியக் கதையை 1929இல் 'ருஸ்தம் சோராப்' ஆக்கினார். சேக்சுபியர் பெயரில் அவர் நிறுவிய சொந்தக் கம்பெனி நிலைக்கவில்லை. பேசும்படக் காலத்தில் திரைக்கும் எழுதினார். 1935 ஏப்ரல் 28இல் லாகூரில் மறைந்தார்.

அவர் காலத்திலேயே தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகளும் (1867–1922) கம்பெனி மேடைக்கே தம் புலமையை ஈந்தார். இருவர் எழுத்தும் முதலில் நடிகர் நாவில் வாழ்ந்தது. அச்சு பின்னரே வந்தது. அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாக இரவெல்லாம் கேட்ட கொங்கு நாட்டார்க்கு இவ்வாழ்வு புதிதன்று. பத்தாண்டு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் தம் கவிதைகளை உரக்கப் படித்துப் பார்ப்பார்களாக. கண் பொறுத்துக்கொண்ட குறையைச் செவி பொறுக்காது என்பதை ஹஷர் நன்கறிந்திருந்தார்.