எடிசனுக்கே கைகொடுக்காத எலெக்ட்ரிக் கார்: திருவண்ணாமலைக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு ஏறக்குறைய 190 கி.மீ. பெங்களூருவிலிருந்து வந்தால் 200 கி.மீ. சொச்சம். வார இறுதியில் செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பகுதியில் வந்து நிற்கும் கார்களில் இப்போது பச்சை நம்பர் பிளேட்களையும் பார்க்கலாம். வரும்போது சார்ஜ் போதும். திரும்பிப் போக? ராத்திரி தங்குற லாட்ஜில் பிளக் பாயின்ட் இருக்குமா? எலெக்ட்ரிக் கார் வாங்க நினைக்கும் பலரையும் யோசிக்க வைக்கும் கேள்வி இது.

ஆனால் கேள்வி புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதற்கு விடை தேடி, பத்து வருடங்களையும் பெரும் பணத்தையும் செலவழித்த ஒருவர் இருக்கிறார். நமக்கெல்லாம் பல்ப் மூலம் தெரிந்த தாமஸ் ஆல்வா எடிசன்.

பேட்டரியோடு பழைய பழக்கம்

1847 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் பிறந்தவர் எடிசன். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான்; பெரும்பாலும் அம்மாவிடமே பாடம். காது சரியாகக் கேட்காது. இளம் வயதில் தந்தி ஆபரேட்டர் வேலை. அந்தக் காலத் தந்தி பேட்டரியில் ஓடியது என்பதால், பேட்டரியும் அமிலமும் அவருக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். 1867-ல் லூயிவில் நகரில் இரவுப் பணியில் இருந்தபடி ஈய அமில பேட்டரியை வைத்துச் சோதனை செய்தபோது, கொட்டிய அமிலம் தரைப் பலகை வழியாகக் கீழ்த்தளத்தில் இருந்த மேலாளரின் மேஜைக்கே இறங்கிவிட்டது. மறுநாள் வேலை போச்சு!

அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1877-ல் போனோகிராஃப். 1879-ல் மின்விளக்கு. 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையம். வாழ்நாளில் அவர் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமைகள் மட்டும் 1,093.

ஃபோர்டைத் தட்டிக்கொடுத்த நாள்

1896 ஆகஸ்ட். எடிசன் பெயரிலான மின் நிறுவனங்களின் கூட்டம் நியூயார்க்கில் நடந்தது. டெட்ராய்ட் எடிசன் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஒருவர், தான் செய்த பெட்ரோல் வண்டியைப் பற்றி எடிசனுக்கு விளக்கினார். அவர்தான் ஹென்றி ஃபோர்டு. இதையே விடாமல் செய்யுங்கள் என்று எடிசன் உற்சாகப்படுத்தியதாக ஃபோர்டு பின்னாளில் எழுதினார். மின்சார வண்டி மின் நிலையத்தை விட்டு அதிக தூரம் போக முடியாது, பெட்ரோல் வண்டி தன் எரிபொருளைத் தானே சுமந்து செல்லும் என்பதுதான் எடிசன் சொன்ன காரணமாம். மின்சாரத்தின் முகமாக இருந்தவரே மின்சார வண்டியின் முதல் பலவீனத்தைச் சொல்லியிருக்கிறார்.

(நம்மூர்க் கணக்கில் சொன்னால், அடுத்த சில வாரங்களில், 1896 செப்டம்பர் 1 அன்றுதான் 16 வயது வேங்கடராமன் திருவண்ணாமலையில் ரயிலை விட்டு இறங்கினார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது.)

பத்து வருடப் போராட்டம்

அந்தக் காலத்தில் மின்சார கார் ஒன்றும் அபூர்வம் இல்லை. 1900-ல் அமெரிக்காவில் தயாரான சுமார் 4,200 வண்டிகளில் 1,575 மின்சாரத்தில் ஓடியவை. பெட்ரோலில் ஓடியவை 936 மட்டுமே. மீதி நீராவி. மின்சார கார் சத்தம் போடாது, புகை விடாது. கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் தொல்லையும் இல்லை.

சிக்கல் பேட்டரியில் இருந்தது. ஈய அமில பேட்டரி கனம் அதிகம், ஆயுசு கம்மி. இதைச் சரிசெய்தால் மின்சார கார் ஜெயித்துவிடும் என்று நம்பிய எடிசன், ஈயத்துக்குப் பதில் நிக்கல், இரும்பு. அமிலத்துக்குப் பதில் காரக் கரைசல் என்று மாற்றினார். ஆயிரக்கணக்கான சோதனைகள் நடந்தன. 1901-ல் தனி பேட்டரி நிறுவனமே தொடங்கினார். வேலை முடியும் முன்பே, வெற்றி கிடைத்துவிட்டதாகப் பத்திரிகைகளுக்கும் செய்தி போய்விட்டது.

விற்பனைக்கு வந்த முதல் பேட்டரிகள் ஒழுகின. சில செல்கள் சீக்கிரமே சக்தி இழந்தன. 1904-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டு, பழுதானவற்றைத் திரும்பப் பெற்றார் எடிசன். பெரிய அவமானம்தான். ஆனாலும் விடவில்லை. மேலும் ஐந்து வருடம் உழைத்து, 1909-ல் புதிய பேட்டரியைக் கொண்டுவந்தார். இந்த முறை உண்மையிலேயே நல்ல பேட்டரி. பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடியது.

பேட்டரி ஜெயித்தது, கார் ஏன் தோற்றது?

அன்றைய பிரபல மின்சார காரான டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கில் எடிசன் பேட்டரியும் கிடைத்தது. ஒரு சோதனை ஓட்டத்தில் ஒரே சார்ஜில் சுமார் 340 கி.மீ. ஓடியது. ஆனால் சாதாரணமாக ஓட்டினால் சுமார் 130 கி.மீ. என்றுதான் விளம்பரமே. வேகம் மணிக்கு 32 கி.மீ. போல.

அடுத்து விலை. எடிசன் பேட்டரி வேண்டுமென்றால் பல நூறு டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 1912 வாக்கில் ஒரு மின்சார கார் 1,750 டாலர். பெட்ரோல் கார் 650 டாலர். குளிர் காலத்தில் அந்த பேட்டரி சோர்ந்துபோகும். அவ்வப்போது தண்ணீர் வேறு ஊற்ற வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான இடைஞ்சல் சார்ஜிங். ஊருக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் மின்சாரமே இல்லை. நகரத்திலும் பல வீடுகளுக்கு வந்தது ஏசி மின்சாரம். பேட்டரிக்குத் தேவை டிசி. அதை மாற்ற வீட்டில் தனிக் கருவி வைக்க வேண்டும். பெட்ரோலையோ டப்பாவில் அடைத்துக் கடைகளிலேயே விற்றார்கள்.

1912-ல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கேடிலாக் கார்களில் வந்தது. பெட்ரோல் காரின் பெரிய தொல்லை அதோடு ஒழிந்தது. 1914-ல் எடிசனும் ஃபோர்டும் சேர்ந்து மலிவு விலை மின்சார கார் கொண்டுவரப் போவதாக அறிவிப்பு வந்தது. சோதனை வண்டிகள் ஓடின. கார் சந்தைக்கு வரவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஃபோர்டின் மனைவி கிளாரா ஊருக்குள் ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரைத்தான்.

எடிசனின் உழைப்பு வீணாகவில்லை. சுரங்கத் தொழிலாளர்களின் விளக்கு, ரயில்வே சிக்னல் போன்றவற்றில் அந்த பேட்டரி நன்றாக விற்று லாபம் கொடுத்தது. 1931 அக்டோபர் 18 அன்று எடிசன் மறைந்தபோது, எந்தக் காருக்காக அதைச் செய்தாரோ அந்த மின்சார கார் சாலைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்திருந்தது.

இன்று எது மாறியது, எது மாறவில்லை?

பேட்டரி மாறிவிட்டது. லித்தியம் வந்த பிறகு தூரமும் வேகமும் பெரிய பிரச்சினை இல்லை. பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்டி தருகின்றன. ஆனால் எடிசன் காலத்துச் சிக்கல்களில் சில அப்படியே இருக்கின்றன.

தூரம்: சோதனையில் கிடைக்கும் தூரம் வேறு, ஏசி போட்டு, நாலு பேரோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது கிடைக்கும் தூரம் வேறு. விளம்பரத்தில் 300 கி.மீ. என்றால் 200-ஐ நம்பித் திட்டமிடுவதே பாதுகாப்பு. சென்னை–திருவண்ணாமலை ஒருவழிப் பயணத்துக்கே அது சரியாகப் போய்விடும்.

நேரம்: 30 யூனிட் பேட்டரியைச் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் நிரப்ப சுமார் 10 மணி நேரம் ஆகும். ஃபாஸ்ட் சார்ஜர் சீக்கிரம் ஏற்றும். ஆனால் அது வேலை செய்ய வேண்டும், நமக்கு முன்னால் இரண்டு கார்கள் வரிசையில் நிற்கக்கூடாது.

நிறுத்தும் இடம்: பௌர்ணமி, தீபத் திருவிழா நாட்களில் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். சார்ஜர் ஊருக்குள் இருந்தாலும் கார் வெளியே நிற்கும். 14 கி.மீ. கிரிவலம் சுற்றி வரும் நேரம் முழுக்க கார் சார்ஜ் ஏறாமல் சும்மா கிடக்கும்.

விலை: அதே அளவு பெட்ரோல் காரைவிட மின்சார கார் வாங்கும் விலை இன்றும் பெரும்பாலும் அதிகம். தினமும் நிறைய ஓட்டுபவருக்கு அந்தப் பணம் எரிபொருள் செலவில் திரும்ப வரும். வாரம் ஒருநாள் மட்டும் வண்டி எடுப்பவருக்கு ரொம்ப வருஷம் ஆகும்.

அப்போ வாங்கலாமா?

எடிசன் பத்து வருடம் பேட்டரியைச் சரிசெய்தார். சார்ஜ் போடும் இடத்தை அவரால் தனியாகச் சரிசெய்ய முடியவில்லை. ஷோரூமில் எத்தனை கி.மீ. ஓடும் என்று கேட்பதற்கு முன், ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்று யோசியுங்கள். சொந்த பார்க்கிங், அதில் ஒரு பிளக், தினசரி 40-50 கி.மீ. ஆபீஸ் ஓட்டம் என்றால் தாராளமாக வாங்கலாம். அபார்ட்மென்ட்டில் இருந்தால், முதலில் சங்கத்திடம் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வெளியூர் என்றால், தங்கும் இடத்துக்குப் போன் போட்டு, கார் நிற்கும் இடத்திலேயே 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, ராத்திரி முழுக்கப் பயன்படுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் ஒரு சார்ஜருக்கு இரண்டாகக் குறித்து வையுங்கள். பௌர்ணமி அன்று வருவதாக இருந்தால், ஊருக்குள் நுழையும் முன்பே திரும்பிப் போகும் அளவுக்குச் சார்ஜ் ஏற்றிவிடுவது நல்லது.