ஆண் பெயரில் அரியணை ஏறிய ருத்ரமாதேவி: காகதிய அரசியின் வரலாறு

ஹைதராபாத்: இடைக்கால இந்தியாவில் மன்னரின் மனைவியாகவோ, இளம் அரசரின் தாயாகவோ இருந்து ஆட்சியை நடத்திய பெண்கள் உண்டு. தந்தைக்குப் பின் மகளாக முடிசூடியவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர், வாரங்கலைத் தலைநகராகக் கொண்டு தெலுங்கு நாட்டை ஆண்ட காகதிய அரசி ருத்ரமாதேவி.

1199-இல் அரியணை ஏறிய கணபதிதேவருக்கு ஆண் வாரிசு இல்லை. அவருடைய மகள்களுள் ஒருவரான கணபாம்பா, கோட்டா மரபுச் சிற்றரசரை மணந்து, கணவர் மறைந்த பின் அப்பகுதியை நிர்வகித்தார். கைம்பெண்ணின் ஆட்சியை அன்றைய சமூகம் ஏற்றது. மகள் முடிசூடுவது அதனினும் அரிது. ஆயினும், மற்றொரு மகளான ருத்ரமாதேவியைத் தம் காலத்திலேயே இணை ஆட்சியாளராக்கினார் கணபதிதேவர்.

அதற்கு ஒரு விலை இருந்தது. கல்வெட்டுகள் பலவற்றில் அவர் 'ருத்ரதேவ மகாராஜா' என்ற ஆண் பெயராலேயே குறிக்கப்பட்டார். நிடதவோலு சாளுக்கிய மரபைச் சேர்ந்த கணவர் வீரபத்ரருக்கு ஆட்சியில் குறிப்பிடத்தக்க இடமில்லை.

பாண்டியர்களிடம் தந்தை தோல்வியுற்று அரசு தளர்ந்திருந்த வேளையில், 1262-இல் முழுப் பொறுப்பும் ருத்ரமாதேவியிடம் வந்தது. தேவகிரி யாதவ மன்னர் மகாதேவரின் படையெடுப்பை அவர் முறியடித்தார். உயர்குடிப் பிறப்பைப் பாராமல் வீரர்களை நாயக்கர்களாக உயர்த்தி, தமக்கு விசுவாசமான படைத்தலைமையை உருவாக்கினார்.

ஆந்திரத்தின் மல்காபுரத்தில் உள்ள 1261-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சைவ மடத்துக்கு அவர் அளித்த கொடையைக் கூறுகிறது. கொடை வருவாயில் மாணவர்களுக்கான கல்வியுடன், மருத்துவமனைக்கும் மகப்பேறு இல்லத்துக்கும் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

பின்னாளில் தென்னிந்தியா வந்த வெனிஸ் பயணி மார்கோ போலோ, மோட்டுப்பள்ளித் துறைமுகம் அமைந்த நாட்டின் அரசியை நீதி தவறாதவர் எனப் பாராட்டியுள்ளார். ஆனால், மன்னரின் மகளான அவரை மன்னரின் கைம்பெண் என்றே எழுதிவைத்தார்.

ஆட்சியின் பிற்பகுதியில் காயஸ்தத் தலைவர் அம்பதேவர் கிளர்ந்தெழுந்தார். அந்தப் போரிலேயே அரசி உயிரிழந்ததாக வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர். நல்கொண்டா பகுதியின் சந்துபட்லாவில் உள்ள 1289, நவம்பர் மாதக் கல்வெட்டு, அவரும் படைத்தலைவர் மல்லிகார்ஜுன நாயக்கரும் மறைந்ததைப் பதிவு செய்துள்ளது.

ருத்ரமாதேவிக்கும் மகள்களே இருந்தனர். எனினும், மகள் மும்மடம்மாவின் புதல்வரான பிரதாபருத்ரரைத் தத்தெடுத்து அவர் வாரிசாக்கினார். 1323-இல் டெல்லி சுல்தானகத்திடம் வாரங்கல் வீழ்ந்தபோது காகதிய மரபு முடிவுற்றது. அம்மரபில் அரியணை ஏறிய ஒரே பெண் ருத்ரமாதேவி.