ஹெரால்டு வாக்ஸ்டாஃப்

இங்கிலாந்தின் வடபகுதியில் கம்பளி ஆலைகள் நிறைந்திருந்த யார்க்ஷயரில், ஹோம்ஃபர்த் என்னும் சிற்றூரில் 1891 மே 19 அன்று பிறந்தவர் ஹெரால்டு வாக்ஸ்டாஃப். அவர் வாழ்வை அறியுமுன், அவர் ஆடிய ஆட்டம் பிறந்த கதையை நாம் அறிதல் வேண்டும்.

நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் பதிப்பது ரக்பி. ஆடுவோர் பணம் பெறலாகாது என்பது அந்நாளைய விதி. செல்வர் வீட்டு மக்களுக்கு அது சுமையன்று. சனிக்கிழமையும் ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்தவரோ, ஆடச் சென்றால் அன்றைய கூலியை இழந்தார். அக்கூலிக்கு ஈடு கேட்ட வடபுலக் கழகங்களுக்குத் தலைமைச் சங்கம் இணங்கவில்லை. ஆகவே அவை 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடி, வடக்கு யூனியன் எனத் தனியே பிரிந்தன. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் ஈடு என்று விதித்துக்கொண்டன. 1922இல் ரக்பி லீக் எனப் பெயர் மாற்றம் பெற்றது இதுவே. ஆறு ஷில்லிங்குக்காக ஓர் ஆட்டமே இரண்டாயிற்று!

ஐந்து பவுன் பெற்று ஹட்டர்ஸ்ஃபீல்டு அணியிற் சேர்ந்த வாக்ஸ்டாஃப், 1906 நவம்பரில் முதன்முறை களம் புகுந்தபோது வயது பதினைந்தே. பதினேழில் இங்கிலாந்து அணிக்கு ஆடினார். இருபதை ஒட்டிய வயதில் தம் கழகத்தின் தலைவரானார். தாம் ஓடிப் புகழ் பெறுவதினும், பந்தைத் தக்க தருணத்தில் தோழர் கையிற் சேர்ப்பதையே அவர் பெரிதெனக் கொண்டார். அவ்வணியின் ஆல்பர்ட் ரோசன்ஃபெல்டு 1913-14 பருவத்தில் 80 முறை எல்லை கடந்து படைத்த சாதனையை எவரும் முறியடித்திலர். அடுத்த பருவத்தில் அவ்வணி நான்கு கோப்பைகளையும் வென்றது.

1914இல் பிரிட்டிஷ் அணிக்குத் தலைமை தாங்கி ஆஸ்திரேலியா சென்றார். எட்டே நாளில் மூன்று டெஸ்ட் ஆட்டங்கள். காயமுற்றோர் பலராதலின் மூன்றாவதை ஒத்திவைக்க வேண்டினர்; ஆடியே ஆகவேண்டும் என்று இங்கிலாந்திலிருந்து தந்தி வந்தது. ஜூலை 4, சிட்னி. மாற்றாள் இறக்க விதியில்லாத காலம். மூவர் அடிபட்டு வெளியேற, பதின்மூவருக்கு எதிரே பதின்மர் நின்றனர். வாக்ஸ்டாஃப் எதிரிகளைப் பிளந்து சென்று ஜான்சனிடம் பந்தைத் தந்தார். அவர் அதைக் காலாலேயே உருட்டிச் சென்று எல்லை சேர்த்தார். வெற்றி 14-6. இவ்வாட்டத்துக்குச் சூலு மக்களோடு ஆங்கிலேயர் பொருத ஒரு போர்க்களத்தின் பெயரைச் சூட்டினர். பிறர் மண்ணைக் கவரச் சென்ற போரின் பெயர் இவ்வுழைப்பாளிகளுக்குப் பொருந்தாதென்பது நம் கருத்து.

1920இலும் அவரே தலைவராகச் சென்றார், அம்முறை தோல்வி. 1925இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர், 1939 ஜூலையில் நாற்பத்தெட்டாம் வயதில் காலமானார். 1988இல் ரக்பி லீக் புகழ்மண்டபம் திறக்கப்பட்டபோது முதலில் இடம்பெற்ற ஒன்பதின்மருள் அவரும் ஒருவர்.