மூணாவது தடவையில் பாஸ் ஆனவர்

லால்குடி அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சத்து மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கும். ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலருக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசி போடுவாங்க. முதலாவது ரத்த அணுக்களை வளர்க்கும், இரண்டாவது வளரவிடாது. ரெண்டுக்கும் பின்னாடி இருந்தவர் ஒரே ஆள்: எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தார். அப்போ அது சென்னை மாகாணம். மெட்ரிகுலேஷன் மூணாவது முயற்சியில்தான் பாஸ். அரியர் வச்சிருக்கிற நண்பர்கள் கவனிக்க! சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தி வழியில் கதர் கவுன் போட்டது சர்ஜரி பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

இதற்கிடையில் ஸ்ப்ரூ நோய் அவருடைய சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்துக் கொண்டுபோனது. சாப்பாட்டின் சத்து உடம்பில் ஒட்டாமல் ரத்தம் குறைந்துபோகும் நோய் அது. அவருக்கும் வந்தது, பிழைத்தார்.

பிறகு மனைவியை ஊரில் விட்டுவிட்டு பாஸ்டன் போனார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். அங்கே ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, தசையில் சக்தி தரும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். அவ்ளோ செய்தும் நிரந்தர வேலை கிடைக்கல. 1940-ல் லெடர்லி மருந்து கம்பெனியில் சேர்ந்தார்.

அவர் குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தை லேபிலேயே தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது. அவங்களுக்குத்தான் லேட்.

பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர், லுகேமியா வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் வகை மருந்து கொடுத்தபோது நோய் வேகமெடுத்த மாதிரி தெரிந்தது. அப்போ அதைத் தடுத்தால்? சுப்பாராவ் குழு அமினோப்டெரினைக் கொடுத்தது. பூட்டுக்குள் போகும், ஆனா திறக்காத டூப்ளிகேட் சாவி மாதிரி. ஃபோலிக் என்று நம்பி அதை எடுக்கும் செல், டி.என்.ஏ. செய்ய முடியாமல் நின்றுவிடும். 1948-ல் வந்த முடிவுப்படி 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது.

அதன் நெருங்கிய சொந்தம்தான் மெத்தோட்ரெக்சேட். மஜ்ஜை தந்தவரின் எதிர்ப்பு அணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்காமல் இருக்க, மாற்று சிகிச்சைக்குப் பிறகு கொஞ்சமாகக் கொடுப்பாங்க. அதனால் புது ரத்த அணுக்கள் ஏறுவது சில நாள் தள்ளிப்போகும். கவுன்ட் ஏறலையேன்னு வீடே காத்திருக்கும் நாட்கள் அவை.

1948 ஆகஸ்டில் மாரடைப்பில் இறந்தார். வயசு 53. போனவர் ஊர் திரும்பவே இல்லை. அவர் தொடங்கிவைத்த மருந்தால் எத்தனையோ குழந்தைகள் வீடு திரும்பியிருக்காங்க.